ட்ரிகரையும் ரூலையும் அணைத்துப் போடுவது எப்படி: போஸ்ட்கிரெஸ் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், காட்பாடிப் பக்கம் கணினி படித்துவிட்டு, கடைகளுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் பில்லிங் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேருகிறவர்களுக்கு செலக்ட், இன்சர்ட், அப்டேட் எல்லாம் கைவந்திருக்கும். டேபிளின் மேல் ஏற்கெனவே யாரோ எழுதி வைத்த ட்ரிகரும் ரூலும் இருக்கும்போதுதான் கை தயங்கும். ட்ரிகர் என்பது பதிவு மாறும்போது தானாக ஓடும் சிறு நிரல்; ரூல் என்பது அடித்த கட்டளையையே வேறொன்றாக மாற்றிவிடும் விதி. "இந்த ஒரு வேலைக்கு மட்டும் இதை நிறுத்தி வைக்கணும்" என்று சீனியர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நிறுத்தும் கட்டளை ஒரே வரிதான். எதை நிறுத்துவது, எவ்வளவு நேரம், நிறுத்தியிருந்தபோது நடக்காமல் போன வேலையை யார் செய்வது என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இல்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

இங்கே பேசுவது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பற்றி. கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஆல்டர், டேபிள், டிசேபிள் போன்ற கட்டளைச் சொற்களையும் போஸ்ட்கிரெஸின் சொந்தப் பெயர்களையும் '5எஸ்', 'டி' போன்ற மதிப்புகளையும் திரையில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். டேபிள், ட்ரிகர் பெயர்களை மட்டும் தமிழிலேயே விடலாம். யூடிஎஃப்-8 தரவுத்தளத்தில் தமிழ்ப் பெயர்களை மேற்கோள் குறி இல்லாமலே போஸ்ட்கிரெஸ் ஏற்கும். ஒரு பெயர் 63 பைட்டுக்குள் இருக்க வேண்டும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பதால் பெயரைச் சுருக்கமாக வையுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

வேலூர் லாங்கு பஜாரில் ஒரு மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, வாலாஜாபேட்டை என்று சுற்றுவட்டாரச் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு போகிறது. வாடிக்கையாளர் என்ற டேபிளில் பெயர், ஊர், பின்கோடு, மாவட்டம் எல்லாம் இருக்கின்றன. மென்பொருள் பழையது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆனபிறகும் எல்லாப் பதிவிலும் மாவட்டம் 'வேலூர்' என்றே இருக்கிறது. முதலாளி இப்போது அதைச் சரிசெய்யச் சொல்கிறார்.

அந்த டேபிளின் மேல் நான்கு ட்ரிகர்கள் உட்கார்ந்திருக்கின்றன. மாவட்டம்_நிரப்பு: பதிவு உள்ளே போகும் முன்பே பின்கோடைப் பார்த்து மாவட்டத்தை எழுதிவிடும். மாற்றிய_தேதி: பதிவு எப்போது மாறியது என்று குறிக்கும். தணிக்கை_எழுது: பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் தணிக்கை டேபிளில் எழுதும். குறுஞ்செய்தி_வரிசை: 'உங்கள் விவரம் மாற்றப்பட்டது' என்று வாடிக்கையாளருக்கு அனுப்ப ஒரு செய்தியை வரிசையில் போடும்.

இந்த நிலையில் நேராக அப்டேட் போட்டால் ஆம்பூரிலும் ஆற்காட்டிலும் இருக்கும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் குறுஞ்செய்தி போகும். போன் அடித்துக்கொண்டே இருக்கும். சரி, அணைக்க வேண்டும். எதை?

முதல் வேலை: என்ன இருக்கிறது என்று பார்ப்பது

போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையான பிஎஸ்க்யூஎல்லில் பின்சாய்கோடு போட்டு டி, ஓர் இடைவெளி, அப்புறம் டேபிள் பெயர். டேபிளின் அமைப்பு முழுக்க வரும். கீழே ட்ரிகர்கள் வகைவகையாகப் பிரிந்து நிற்கும்: சாதாரணமாக ஓடுபவை, அணைந்து கிடப்பவை, எப்போதும் ஓடுபவை, நகல் நிலையில் (இதைப் பின்னால் பார்ப்போம்) மட்டும் ஓடுபவை. ரூல்களுக்கும் இதே மாதிரி பிரிவுகள் உண்டு. உங்களுக்கு முன்னால் வேலை பார்த்தவர் ஏதாவது ஒன்றை அணைத்து வைத்துவிட்டுப் போயிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

வினவல் மூலமாகவும் பார்க்கலாம்:

செலக்ட் டிஜிநேம், டிஜிஎனேபிள்டு ஃப்ரம் பிஜி_ட்ரிகர் வேர் டிஜிரெல்ஐடி = 'வாடிக்கையாளர்'::ரெக்கிளாஸ் அண்ட் நாட் டிஜிஇஸ்இன்டர்னல்;

இரண்டாவது புலத்தில் ஓர் ஆங்கில எழுத்து வரும். ஓ என்றால் வழக்கம்போல ஓடும். டி என்றால் அணைந்திருக்கிறது. ஆர் என்றால் நகல் நிலையில் மட்டும், ஏ என்றால் எந்த நிலையிலும் ஓடும். வேலை தொடங்கும் முன் இந்தப் பட்டியலை எடுத்து ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். முடிந்தபின் டேபிள் எந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. முன்பே டி-யில் இருந்த ட்ரிகரை ஆர்வக்கோளாறில் நீங்கள் போட்டுவிடக் கூடாது. அதை யாரோ ஒரு காரணத்தோடு அணைத்திருக்கலாம்.

எதை அணைப்பது என்ற முடிவு

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு ட்ரிகரின் ஃபங்ஷனையும் திறந்து முழுக்கப் படியுங்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

குறுஞ்செய்தி_வரிசையில் சந்தேகமே இல்லை, அணைக்க வேண்டியதுதான். மாவட்டப் பெயர் அரசு மாற்றியது. கடைக்காரர் எதையும் மாற்றச் சொல்லவில்லை. அவருக்குச் செய்தி போக வேண்டிய தேவை இல்லை.

தணிக்கை_எழுது ஓடட்டும். மொத்தமாக ஆயிரக்கணக்கான பதிவுகளை மாற்றும் நாளில்தான் தணிக்கை ரொம்பத் தேவை. வேகம் குறைகிறது என்று இதை அணைக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தவறு நடந்தால் பழைய மதிப்பைத் திரும்ப எடுக்க உங்களிடம் இருக்கும் ஒரே கைப்பிடி அது. மாற்றிய_தேதியும் ஓடலாம், பதிவு உண்மையாகவே மாறுகிறது.

மாவட்டம்_நிரப்பு கவனமாகப் பார்க்க வேண்டிய ஆள். இது பிஃபோர் வகை ட்ரிகர். நீங்கள் 'ராணிப்பேட்டை' என்று எழுதினாலும், பதிவு சேமிக்கப்படும் முன் பின்கோடைப் பார்த்துத் திரும்ப 'வேலூர்' என்று எழுதிவிடும். திரையில் இத்தனை பதிவுகள் மாறின என்று எண்ணிக்கை வரும், பிழை எதுவும் வராது. ஆனால் மாவட்டம் மாறியிருக்காது. புதியவர்கள் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது.

அப்படியானால் இதையும் அணைத்துவிடலாமா? அணைத்து, அப்டேட் போட்டு, திரும்பப் போட்டால் அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் ஆற்காட்டுக் கடைக்காரர் ஒருவரின் போன் எண்ணை யாராவது திருத்துவார்கள். அப்போது ட்ரிகர் ஓடி, மாவட்டம் மறுபடி வேலூர் ஆகிவிடும். ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், உங்கள் திருத்தம் அழிந்துகொண்டே வரும்.

இதற்கு அணைப்பது மருந்து அல்ல, ஃபங்ஷனைத் திருத்துவதுதான் மருந்து. எழுதியவர் பின்கோடின் முதல் மூன்று இலக்கங்களை மட்டும் பார்த்திருப்பார். வேலூர் 632001, ராணிப்பேட்டை 632401, ஆற்காடு 632503. மூன்றும் 632-இல்தான் தொடங்குகின்றன. ஆம்பூர் 635802, கிருஷ்ணகிரி 635001. அங்கேயும் அதே குழப்பம். அஞ்சல் துறையின் எண் மாவட்ட எல்லையைப் பின்பற்றிப் போடப்பட்டதல்ல, மாவட்டம் பிரிந்தபோது அது மாறவும் இல்லை. ஆகவே முழுப் பின்கோடுக்கோ தாலுகாவுக்கோ மாவட்டத்தைச் சொல்லும் ஒரு தனி டேபிள் வைத்து, ஃபங்ஷன் அதைப் பார்க்கும்படி மாற்றுங்கள். மாற்றியபின் இந்த ட்ரிகரை அணைக்கவே தேவையில்லை. அதுவே உங்கள் வேலையில் பாதியைச் செய்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பில் டேபிளில் இருக்கும் மாவட்டத்தைத் தொடாதீர்கள். 2018-இல் ஆம்பூருக்குப் போட்ட பில்லில் வேலூர் மாவட்டம் என்று இருப்பதுதான் சரி. நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் வட ஆற்காடு மாவட்டம் என்றே இன்றைக்கும் இருக்கிறது. 1989-இல் அந்த மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனியானது என்பதற்காகப் பத்திரத்தை யாரும் திருத்தி எழுதுவதில்லை. வாடிக்கையாளரின் இன்றைய முகவரி வேறு, அன்றைய ஆவணம் வேறு.

அணைக்கும் கட்டளை, அதன் மூன்று வடிவங்கள்

ஆல்டர் டேபிள் வாடிக்கையாளர் டிசேபிள் ட்ரிகர் குறுஞ்செய்தி_வரிசை;

பெயர் சொல்லி ஒன்றை மட்டும் அணைப்பது இது. எப்போதும் இதையே பழகுங்கள். டேபிளின் உரிமையாளராக நீங்கள் இருந்தால் போதும்.

பெயருக்குப் பதில் யூசர் என்று போட்டால், மனிதர்கள் எழுதிய ட்ரிகர்கள் எல்லாம் அணையும். ஆல் என்று போட்டால் போஸ்ட்கிரெஸ் தானே உள்ளுக்குள் உருவாக்கிக்கொண்ட ட்ரிகர்களும் சேர்ந்து அணையும். அந்த உள் ட்ரிகர்கள்தான் ஃபாரின் கீ சரிபார்ப்பைச் செய்கின்றன, அதாவது பில்லில் எழுதிய வாடிக்கையாளர் உண்மையிலேயே டேபிளில் இருக்கிறாரா என்று பார்ப்பது. தள்ளிப்போடக்கூடிய யூனிக் கட்டுப்பாடுகளையும் அவைதான் பார்க்கின்றன. ஒரு அறையின் விளக்கை அணைக்க வீட்டின் மெயினையே இறக்குவது மாதிரி இது. ஆல் போட சூப்பர்யூசர் உரிமை வேண்டும். அந்த உரிமையைக் கேட்டுப் பிழை வந்தால், அதை ஒரு நல்ல எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு யூசர் வடிவத்துக்கோ பெயருக்கோ திரும்பிவிடுங்கள்.

திரும்பப் போட, டிசேபிள் இருந்த இடத்தில் எனேபிள். அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மனதில் பதியுங்கள். இந்தக் கட்டளை டேபிளின் நிலையையே மாற்றுகிறது. உங்கள் திரைக்கு மட்டும் என்று ஒன்றும் இல்லை. கமிட் ஆகிவிட்டால் (மாற்றம் நிலையாகச் சேமிக்கப்பட்டுவிட்டால்), கடையின் நான்கு கல்லாவிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்த ட்ரிகர் அணைந்துவிடும். சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பினாலும் அணைந்தே இருக்கும். பேக்கப் எடுத்து வேறு கணினியில் ஏற்றினால் அங்கேயும் அணைந்த நிலையிலேயே போய் உட்காரும்.

ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் முடிப்பது

போஸ்ட்கிரெஸில் ஆல்டர் டேபிளையும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைக்க முடியும். அதாவது, எல்லாமே நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்று பிகினுக்கும் கமிட்டுக்கும் நடுவே கட்டிய கட்டளைத் தொகுப்புக்குள். இந்த வசதி எல்லாத் தரவுத்தளங்களிலும் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் முழுசாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பிகின்;
செட் லோக்கல் லாக்_டைம்அவுட் = '5எஸ்';
ஆல்டர் டேபிள் வாடிக்கையாளர் டிசேபிள் ட்ரிகர் குறுஞ்செய்தி_வரிசை;
அப்டேட் வாடிக்கையாளர் செட் மாவட்டம் = 'ராணிப்பேட்டை' வேர் மாவட்டம் = 'வேலூர்' அண்ட் ஊர் இன் ('ராணிப்பேட்டை', 'ஆற்காடு', 'வாலாஜாபேட்டை', 'அரக்கோணம்');
அப்டேட் வாடிக்கையாளர் செட் மாவட்டம் = 'திருப்பத்தூர்' வேர் மாவட்டம் = 'வேலூர்' அண்ட் ஊர் இன் ('திருப்பத்தூர்', 'ஆம்பூர்', 'வாணியம்பாடி', 'ஜோலார்பேட்டை');
ஆல்டர் டேபிள் வாடிக்கையாளர் எனேபிள் ட்ரிகர் குறுஞ்செய்தி_வரிசை;
செலக்ட் மாவட்டம், கவுண்ட்(*) ஃப்ரம் வாடிக்கையாளர் குரூப் பை மாவட்டம்;
கமிட்;

நடுவில் மின்சாரம் போனாலும், இணைப்பு அறுந்தாலும், அப்டேட் பிழை கொடுத்தாலும் எல்லாம் ரோல்பேக் ஆகும், எதுவுமே நடக்காத பழைய நிலை திரும்பும். ட்ரிகரும் பழையபடி இயங்கும் நிலைக்கு வந்துவிடும். அணைத்துவிட்டுப் போட மறந்தேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைசி செலக்ட்டின் எண்ணிக்கை சந்தேகமாக இருந்தால் கமிட்டுக்குப் பதில் ரோல்பேக் அடித்துவிடுங்கள்.

இதில் இன்னொரு பாதுகாப்பும் ஒளிந்திருக்கிறது. ட்ரிகரை அணைக்கும் கட்டளை டேபிளின் மேல் ஷேர் ரோ எக்ஸ்க்ளூசிவ் என்ற பூட்டைப் போடும், 9.5 பதிப்பிலிருந்து இப்படி. இந்தப் பூட்டு இருக்கும்வரை மற்றவர்கள் டேபிளைப் படிக்கலாம், எழுத முடியாது. ஆகவே ட்ரிகர் அணைந்திருக்கும் அந்த இடைவெளியில் கல்லாவிலிருந்து ஒரு பதிவு நுழைந்து, அதற்குப் போக வேண்டிய குறுஞ்செய்தி போகாமல் விடுபட்டது என்ற நிலை வராது. அணைப்பதை ஒரு டிரான்ஸாக்‌ஷனிலும் போடுவதை வேறொன்றிலும் செய்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அதற்கு விலை காத்திருப்பு. எழுத வந்தவர்கள் நீங்கள் கமிட் அடிக்கும்வரை நிற்பார்கள். அதோடு, யாராவது இந்த டேபிளில் எழுதிய ஒரு டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால் உங்கள் ஆல்டரே காத்து நிற்கும்; உங்களுக்குப் பின்னால் எழுத வருகிறவர்களும் வரிசையில் நிற்பார்கள். மேலே லாக்_டைம்அவுட் வைத்தது அதற்குத்தான். ஐந்து வினாடியில் பூட்டு கிடைக்காவிட்டால் உங்கள் கட்டளை பிழையோடு விலகிக்கொள்ளும், கடை வேலை நிற்காது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப முயலலாம். எப்படியும் பகல் வியாபார நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், கடை சாத்தியபின் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்டரை எப்போதும் அப்டேட்டுக்கு முன்னால் போடுங்கள். முதலில் எழுதிவிட்டுப் பிறகு பெரிய பூட்டைக் கேட்டால் இன்னொருவரோடு மாட்டிக்கொண்டு, ஒருவர் பூட்டுக்காக மற்றவர் காத்து நிற்கும் டெட்லாக் வரலாம்.

சில சமயம் எனேபிள் வரியில், டேபிளுக்கு நிலுவையில் ட்ரிகர் நிகழ்வுகள் இருப்பதால் ஆல்டர் செய்ய முடியாது என்று பிழை வரும். கமிட் வரை தள்ளிப்போடப்பட்ட கட்டுப்பாடு ஏதோ அந்த டேபிளில் இருக்கிறது என்று பொருள். எனேபிளுக்கு முன்னால் 'செட் கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ் ஆல் இமீடியட்;' என்று ஒரு வரி சேர்த்தால் நிலுவை தீர்ந்துவிடும்.

ஊர்ப் பெயர்களில் எழுத்து வேறுபாடு இருக்கும் என்பதையும் எதிர்பாருங்கள். வாலாஜா, வாலாஜாபேட்டை, வாலாஜாபேட் மூன்றும் ஒரே டேபிளில் இருக்கும். கிராமங்கள் எந்தத் தாலுகாவில் போயின என்று பார்த்தபின்தான் கைவைக்க வேண்டும். பேரணாம்பட்டு ஆம்பூருக்குப் பக்கம் என்றாலும் வேலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

நடக்காமல் போன வேலை

எனேபிள் செய்தவுடன், அணைந்திருந்த நேரத்தில் விட்டுப்போனதை ட்ரிகர் தானாகச் செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். செய்யாது. நிகழ்வு நடந்த கணத்தில் ட்ரிகர் அணைந்திருந்ததா என்பது மட்டுமே கணக்கு. கமிட் நேரத்துக்குத் தள்ளிப்போடப்படும் ட்ரிகருக்கும் இதே விதிதான். பதிவு மாறிய நேரத்தில் அது இயங்கும் நிலையில் இருந்ததா என்றுதான் பார்க்கப்படும்.

குறுஞ்செய்திக்கு இது பரவாயில்லை, போகக் கூடாது என்றுதானே அணைத்தோம். ஆனால் பில் டேபிளில் ஒரு ட்ரிகர், ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளரின் நிலுவைத் தொகையைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மென்பொருளிலிருந்து லட்சம் பில்களை உள்ளே ஏற்றும்போது அது லட்சம் முறை ஓடும். அப்போது அணைப்பது நியாயமான முடிவுதான். அணைத்தால், ஏற்றி முடித்ததும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் பில்களை வாடிக்கையாளர் வாரியாகக் கூட்டி நிலுவையை ஒரே அப்டேட்டில் எழுத வேண்டும். லட்சம் சிறு கூட்டல்களைவிட அந்த ஒரு பெரிய கூட்டல் வேகமாக முடியும். இந்த ஈடுகட்டும் அப்டேட்டை எழுதி, சோதித்து, கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அணைக்கும் கட்டளையைத் தொட வேண்டும். ஈடுகட்ட வழி தெரியாத ட்ரிகரை அணைக்காதீர்கள்.

ஆல் போட்டு ஃபாரின் கீ சரிபார்ப்பும் அணைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். திரும்பப் போடும்போது போஸ்ட்கிரெஸ் பழைய பதிவுகளைச் சோதிக்காது. இல்லாத வாடிக்கையாளருக்கு எழுதிய பில்கள் அப்படியே உள்ளே தங்கிவிடும். அவற்றை நீங்கள்தான் தேட வேண்டும்:

செலக்ட் ப.எண் ஃப்ரம் பில் ப வேர் ப.வாடிக்கையாளர்_எண் இஸ் நாட் நல் அண்ட் நாட் எக்ஸிஸ்ட்ஸ் (செலக்ட் 1 ஃப்ரம் வாடிக்கையாளர் வா வேர் வா.எண் = ப.வாடிக்கையாளர்_எண்);

வேலிடேட் கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டால் சோதிக்குமே என்று கேட்பீர்கள். அந்தக் கட்டுப்பாடு ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது என்று குறித்து வைக்கப்பட்டிருப்பதால் அது எதையும் பார்க்காமல் திரும்பிவிடும். கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால்தான் முழுச் சோதனை நடக்கும்.

ரூல்: வேறு ஜாதி, வேறு குணம்

ட்ரிகர் ஒவ்வொரு பதிவுக்கோ, ஒவ்வொரு கட்டளைக்கோ ஒருமுறை ஓடும். ரூல் அப்படி ஓடுவதில்லை. நீங்கள் அடித்த கட்டளையையே, அது செயல்படும் முன், வேறொன்றாக மாற்றி எழுதிவிடும். பழைய மென்பொருள்களில் அடிக்கடி கண்ணில் படும் ரூல், பில்லை யாரும் அழிக்கக் கூடாது என்று எழுதி வைப்பது:

கிரியேட் ரூல் அழிக்காதே ஆஸ் ஆன் டிலீட் டு பில் டூ இன்ஸ்டெட் நத்திங்;

இது இருக்கும் டேபிளில் சோதனைக்குப் போட்ட பில்களை அழிக்கப் பார்த்தால் 'டிலீட் 0' என்று மட்டும் வரும். பிழை கிடையாது, விளக்கம் கிடையாது, பில் அப்படியே இருக்கும். அணைக்கும் முறை ட்ரிகருக்கு உள்ளதுபோலவே:

ஆல்டர் டேபிள் பில் டிசேபிள் ரூல் அழிக்காதே;

வேலை முடிந்ததும் எனேபிள் ரூல். இங்கே ஆல், யூசர் என்ற வடிவங்கள் இல்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் அணைக்க வேண்டும். பூட்டும் கடுமையானது. அக்சஸ் எக்ஸ்க்ளூசிவ் என்பதால் படிக்க வருகிறவர்களும் நிற்பார்கள், கடையில் பில் தேடும் திரைகூட உறையும். ஆகவே டிரான்ஸாக்‌ஷனைச் சின்னதாக வையுங்கள்.

தரவை மொத்தமாக ஏற்றும் காப்பி கட்டளை ட்ரிகர்களை ஓட்டும், ரூல்களைக் கண்டுகொள்ளாது. இன்சர்ட்டை வேறு டேபிளுக்குத் திருப்பிவிடும் ரூல் ஒன்றை நம்பியிருக்கும் டேபிளில் காப்பி மூலம் ஏற்றினால் எல்லாம் மூல டேபிளிலேயே போய் விழும்.

ஃபாரின் கீயில் கேஸ்கேட் (வாடிக்கையாளரை அழித்தால் அவருடைய பில்களும் தானாக அழியும் ஏற்பாடு) இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். வாடிக்கையாளரை அழிக்கும்போது போஸ்ட்கிரெஸ் உள்ளுக்குள் பில் டேபிளுக்கு ஒரு டிலீட் அனுப்பும். அதையும் அழிக்காதே ரூல் மாற்றி எழுதிவிடும். எதிர்பாராத விடை வந்தது, ஏதோ ரூல் வினவலை மாற்றியிருக்கலாம் என்ற குறிப்போடு பிழை வரும். அந்தக் குறிப்பைக் கண்டால் ரூல் பட்டியலைப் பாருங்கள்.

வாய்ப்பு கிடைத்தால் இப்படிப்பட்ட ரூல்களை ட்ரிகராக மாற்றிவிடுங்கள். அழிக்க வரும்போது 'பில்லை அழிக்க அனுமதி இல்லை' என்று பிழை கொடுக்கும் பிஃபோர் ட்ரிகர், பேசாமல் பூஜ்யம் காட்டும் ரூலைவிட எல்லா வகையிலும் மேல். வியூக்களுக்கு (பெயரிட்டுச் சேமித்த செலக்ட்களுக்கு) பின்னால் இருக்கும் செலக்ட் ரூல்களை மட்டும் தொட வேண்டாம்; வியூ என்பதே அந்த ரூல்தான்.

உங்கள் செஷனுக்கு மட்டும் அணைப்பது

டேபிளைத் தொடாமல், உங்கள் இணைப்புக்கு மட்டும் ட்ரிகர்களை நிறுத்த ஒரு வழி உண்டு:

செட் லோக்கல் செஷன்_ரெப்ளிகேஷன்_ரோல் = ரெப்ளிகா;

2008-இல் வந்த 8.3 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. நகல் சர்வர்களுக்காகச் செய்த ஏற்பாடு. இந்த நிலையில் ஓ குறியுள்ள ட்ரிகர்களும், வியூக்களின் செலக்ட் ரூல்கள் தவிர மற்ற ரூல்களும் ஓடாது. ஆர், ஏ குறியுள்ளவை மட்டும் ஓடும். லோக்கல் என்று போட்டிருப்பதால் டிரான்ஸாக்‌ஷன் முடிந்ததும் பழைய நிலை திரும்பிவிடும். டேபிளுக்குப் பெரிய பூட்டு விழாது, மற்றவர்களுக்கு எல்லாம் வழக்கம்போல ஓடும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது ஃபாரின் கீ சரிபார்ப்பையும் சேர்த்து நிறுத்திவிடும், நீங்கள் தொடும் எல்லா டேபிளிலும். இதற்கு சூப்பர்யூசர் உரிமை வேண்டும். 15-ஆம் பதிப்பிலிருந்து இந்த ஒரு அமைப்பை மாற்ற மட்டும் ஒரு பயனருக்குத் தனியாக அனுமதி தரலாம். அனுபவம் வரும்வரை புதியவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

தணிக்கை ட்ரிகர் இந்த நிலையிலும் ஓடியே தீர வேண்டும் என்றால் அதை ஏ குறிக்கு மாற்றி வையுங்கள்:

ஆல்டர் டேபிள் வாடிக்கையாளர் எனேபிள் ஆல்வேஸ் ட்ரிகர் தணிக்கை_எழுது;

லாஜிக்கல் ரெப்ளிகேஷன் மூலம் இன்னொரு சர்வருக்கு நகல் போகிறதென்றால், வாங்கும் பக்கத்தில் பதிவுகளை எழுதும் செயல் எப்போதும் ரெப்ளிகா நிலையில்தான் ஓடும். அங்கே உங்கள் சாதாரண ட்ரிகர்கள் ஓடவில்லையே என்று திகைக்க வேண்டாம். ஓட வேண்டுமானால் எனேபிள் ரெப்ளிகா அல்லது எனேபிள் ஆல்வேஸ். ஏ குறி வைத்த ட்ரிகரைப் பிற்பாடு அணைத்துப் போடும்போது வெறும் எனேபிள் அடித்தால் அது ஓ-வாக இறங்கிவிடும், ஏ-வாகத் திரும்பாது. முதலில் எடுத்து வைத்த பட்டியல் இங்கே கைகொடுக்கும்.

அடிக்கடி மொத்த வேலை வரும் டேபிளுக்கு

மாதம் ஒருமுறை விலைப்பட்டியல் ஏற்றுவது மாதிரி வேலைகளுக்கு ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட வேண்டாம். ட்ரிகரை உருவாக்கும்போதே ஒரு நிபந்தனை வைத்துவிடலாம்:

வென் (கரன்ட்_செட்டிங்('ஆப்.மொத்தவேலை', ட்ரூ) இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம் 'ஆன்')

மொத்த வேலை செய்யும் டிரான்ஸாக்‌ஷனில் முதல் வரியாக 'செட் லோக்கல் ஆப்.மொத்தவேலை = 'ஆன்';' என்று போட்டால் அந்த ட்ரிகர் உங்களுக்கு மட்டும் ஒதுங்கிக்கொள்ளும். பூட்டும் இல்லை, சிறப்பு உரிமையும் தேவையில்லை. அதே காரணத்தால் தணிக்கை ட்ரிகருக்கு இந்த நிபந்தனையை வைக்காதீர்கள்: எந்தப் பயனரும் அந்த வரியை அடித்துவிட்டுத் தடம் இல்லாமல் எழுத முடியும்.

பேக்கப்பிலிருந்து ஏற்றும்போது

முழு பேக்கப்பை ஏற்றினால் எதையும் அணைக்க வேண்டாம். பிஜி_டம்ப் எடுத்த பேக்கப் முதலில் தரவை ஏற்றி, அப்புறம்தான் ட்ரிகர்களையும் ஃபாரின் கீகளையும் உருவாக்கும். தரவை மட்டும் தனியாக எடுத்து, ஏற்கெனவே ட்ரிகர்கள் இருக்கும் டேபிளில் ஏற்றும்போதுதான் டிசேபிள் ட்ரிகர்ஸ் என்ற விருப்பம் தேவைப்படும். அது டிசேபிள் ட்ரிகர் ஆல் கட்டளையைத்தான் எழுதுகிறது. ஆகவே சூப்பர்யூசர் உரிமையும் வேண்டும், மேலே சொன்னபடி, இல்லாத வாடிக்கையாளருக்கு எழுதிய பில்களைத் தேடும் வினவலும் வேண்டும்.

வேறு தரவுத்தளத்தில்

ஆரக்கிளில் ஆல்டர் ட்ரிகர், பெயர், டிசேபிள்; டேபிளின் எல்லா ட்ரிகருக்கும் ஆல்டர் டேபிள், டேபிள் பெயர், டிசேபிள் ஆல் ட்ரிகர்ஸ். எஸ்க்யூஎல் சர்வரில் டிசேபிள் ட்ரிகர், பெயர், ஆன், டேபிள் பெயர். ஆரக்கிளில் இப்படிப்பட்ட கட்டளை வந்தவுடனே தானாக கமிட் ஆகிவிடும் என்பதால் ஒரே டிரான்ஸாக்‌ஷன் முறை அங்கே செல்லாது.

தினசரிச் சோதனை

எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும் ஒரு தரவுத்தளத்தில் பல கைகள் படும். அணைந்து கிடப்பவற்றைத் தேடும் இந்த இரண்டு வினவல்களையும் தினமும் இரவு பேக்கப்போடு சேர்த்து ஓடும்படி வையுங்கள்:

செலக்ட் டிஜிரெல்ஐடி::ரெக்கிளாஸ், டிஜிநேம் ஃப்ரம் பிஜி_ட்ரிகர் வேர் டிஜிஎனேபிள்டு = 'டி';

செலக்ட் ஈவி_கிளாஸ்::ரெக்கிளாஸ், ரூல்நேம் ஃப்ரம் பிஜி_ரீரைட் வேர் ஈவி_எனேபிள்டு = 'டி';

முதல் வினவலில் உள் ட்ரிகர்களை வேண்டுமென்றே விலக்கவில்லை. யாராவது ஆல் போட்டு ஃபாரின் கீயை அணைத்துவிட்டுப் போயிருந்தால் அதுவும் தெரிய வேண்டும். ஒரு ஃபாரின் கீக்கான உள் ட்ரிகர்கள் பில் டேபிளிலும் இருக்கும், வாடிக்கையாளர் டேபிளிலும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அணைந்திருந்தாலும் இதில் வந்துவிடும். டேபிள் பார்ட்டிஷனாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொரு பார்ட்டிஷனும் தனி வரியாக வரும். விடை காலியாக வந்தால் சரி. எப்போதும் அணைந்தே இருக்க வேண்டிய ட்ரிகர் ஏதாவது இருந்தால் அதன் பெயரையும் காரணத்தையும் கமென்ட் ஆன் ட்ரிகர் கட்டளையால் தரவுத்தளத்திலேயே எழுதி வையுங்கள். நாளைக்கு உங்கள் நாற்காலியில் உட்காருபவருக்கு அந்தக் காரணத்தைக் கேட்க வேறு ஆள் இருக்காது.